இரண்டு தட்டு

திண்டுக்கல்லில் பேச்சாயியோடு படித்த பெண்களிடம் இன்றைக்கு அவள் பெயரைச் சொன்னால், "யாரு, கை குடுக்காமப் போனாளே, அவளா?" என்றுதான் கேட்பார்கள். அவள் பள்ளிக்கூடத்தை விட்டுப் பல வருஷம் ஆகியும் அந்தப் பெயர் அவளை விடவில்லை. ஏன் கை கொடுக்கவில்லை என்று மட்டும் யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தாலும் அவள் வாய் திறந்திருப்பாளா என்பது சந்தேகம். நாலு பேர் இருக்கிற இடத்தில் சுவரோடு சுவராக நிற்கிற பெண் அவள். "பேச்சாயி, பேசமாட்டாயி" என்று வகுப்பில் ராகம் போட்டுக் கேலி செய்வார்கள். குலதெய்வத்தின் பெயர், எண்பத்தேழில் பிறந்த பிள்ளைக்கு அது பழைய பெயர்தான்.

அப்பா சடையாண்டி நத்தம் பக்கத்துத் தோப்புகளில் புளி உலுக்கப் போகிறவர். தை முடிந்தால் மாசி, பங்குனி முழுக்க மரத்தின் மேல்தான் வாழ்க்கை. பேச்சாயி ஆறு வயதிலேயே அவர் பின்னால் ஏறிவிட்டாள். ஆள் எட்ட முடியாத நுனிக்கிளைக்கு எடை குறைந்த பிள்ளைதானே போக முடியும். இரண்டு கையாலும் கிளையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு உடம்பால் உலுக்குவாள். புளி சடசடவென்று கீழே விரித்த படுதாவில் விழும். அப்படி வளர்ந்ததில் அவளுடைய மணிக்கட்டு அவள் வயசுப் பிள்ளைகளுடையதைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. அதை மறைக்கத் தாவணி முந்தியைக் கையில் சுற்றிக்கொள்வாள்.

எட்டாம் வகுப்புக்குத் திண்டுக்கல் பள்ளிக்கு வந்தாள். பள்ளி மைதானத்தின் மூலையிலும் ஒரு புளியமரம் இருந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் பிள்ளைகள் கேட்டார்கள் என்று ஏறி, காய் பறித்துப் போட்டுக்கொண்டிருந்தபோது விளையாட்டு ஆசிரியர் ராமர் சார் வந்துவிட்டார். கீழே இருந்தவர்கள் எல்லாம் ஓடிவிட்டார்கள். இவள் மட்டும் கிளையில்.

"எறங்காத. அப்படியே தொங்கு" என்றார் சார்.

தண்டனை என்று நினைத்துத் தொங்கினாள். மணியடிக்கிற வரைக்கும் தொங்கினாள். சார் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். மறுநாள் காலை ஏழு மணிக்கு மைதானத்துக்கு வரச் சொன்னார்.

அது 2000-ஆம் வருஷம். பெண் பிள்ளைகளுக்கு மல்யுத்தம் என்பது அப்போதுதான் மாவட்டத்தில் தலை காட்டியிருந்தது. பள்ளியில் மேட் என்கிற மல்யுத்த விரிப்பு கிடையாது. தென்னை நார் மெத்தை எட்டை அடுக்கி, மேலே லாரித் தார்ப்பாயை இழுத்துக் கட்டியிருந்தார் சார். வெயில் ஏறினால் தோசைக்கல் மாதிரி காயும். அதனால் காலையில்தான் பயிற்சி. ஏழெட்டுப் பெண்கள். பேச்சாயிக்கு ஜோடியாகக் கிடைத்தவள் ஆனந்தி.

ஆனந்தி சின்னாளப்பட்டி நெசவுக்காரர் வீட்டுப் பெண். காலையில் முதல் பஸ்ஸைப் பிடித்து வருவாள். வாய் ஓயாது. கண்டக்டர் குரல், கணக்கு டீச்சர் குரல், ராமர் சாரின் விசில் எல்லாவற்றையும் வாயாலேயே செய்து காட்டுவாள். பேச்சாயி பேசாத குறையையும் அவளே சேர்த்துப் பேசித் தீர்த்தாள். மதியம் தூக்குவாளியைத் திறந்து, "உன் வெஞ்சனம் என்னாடி, இன்னைக்கும் பருப்புத் தொவையலா? இங்கிட்டு எடு, எனக்கு அதான் வேணும்" என்று பிடுங்கிக்கொண்டு தன் இட்லியை இவள் பக்கம் தள்ளுவாள். பேச்சாயிக்கு முதல் முதலாகக் கிடைத்த சிநேகிதி. முதலும் கடைசியும் என்று சொன்னாலும் தப்பில்லை.

எடை பார்க்கப் பள்ளிக்கு எதிரே சௌகத் அலி பாயின் பழைய இரும்புக் கடைக்குப் போவார்கள். பெரிய தராசு அங்கேதான் இருந்தது. பாய் தட்டில் ஏற்றிப் படிக்கல்லைப் போட்டுப் பார்ப்பார்.

"நாப்பத்தி நாலு. இம்புட்டு இரும்பா இருந்தா இன்னைக்கு யாவாரம் முடிஞ்சுதுன்னு கடையச் சாத்திருப்பேன்."

"என்னைய போடுங்க பாய்" என்று ஆனந்தி ஏறுவாள்.

"நீ நாப்பத்தாறு. அதுல ரெண்டு கிலோ வாயி."

மல்யுத்தத்தில் கை கொடுப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் முன் எதிராளியின் கண்ணைப் பார்த்துக் கை குலுக்க வேண்டும். முடிந்த பிறகு, ஜெயித்தாலும் தோற்றாலும் மறுபடி குலுக்க வேண்டும். பிறகு எதிராளியின் பயிற்சியாளரிடம் போய் அவருக்கும் கை கொடுக்க வேண்டும். அதற்கப்புறம்தான் மேட்டை விட்டு இறங்கலாம். இது எல்லா ஊருக்கும் பொதுவானது. இதற்கு மேல் ராமர் சாரின் பிள்ளைகளுக்கு மட்டும் இன்னொரு முறையும் இருந்தது.

அவர்கள் சேர்ந்த புதிதில் காதர் பீவி என்ற பெண்ணுக்கு முழங்கை மூட்டு நழுவிவிட்டது. வலியில் கத்த முடியாமல் அவள் தரையைத் தட்டிக்கொண்டே இருந்திருக்கிறாள். மேலே கிடந்தவளுக்கு அது புரியவில்லை. அன்றைக்கு ராமர் சார் வகுத்த சட்டம்: பிடியில் சிக்கினவள் இரண்டு முறை தட்டினால் உடனே விட்டுவிட வேண்டும். விட்டால் மட்டும் போதாது. எழுந்து, கை கொடுத்து, அவளைத் தூக்கி விடவும் வேண்டும். "எவ யோசிக்கிறாளோ அவளுக்கு மைதானம் பத்து ரவுண்டு" என்றார். யோசிக்கக் கூடாது. அதுதான் சட்டத்தின் சாரம். இரண்டு வருஷத்துக்கு மேல் தினமும் செய்ததில் அது கைக்கே பழகிவிட்டது. இரண்டு தட்டு விழுந்தால் பிடி தானாகத் தளரும், கை தானாக நீளும்.

பேச்சாயியும் ஆனந்தியும் அதை மேட்டுக்கு வெளியேயும் எடுத்துப் போனார்கள். போட்டிக்குப் போகிற பஸ் நெரிசலில் ஆனந்தி இவள் முதுகில் இரண்டு தட்டுவாள். தள்ளி நில் என்று அர்த்தம். கணக்குப் பரீட்சையில் தோற்று இவள் அழுத அன்று தோளில் இரண்டு தட்டு, போதும், விடு. ஒரு வார்த்தை கூடப் பேசாமல் பேசுகிற வழி ஒன்று கிடைத்ததே என்று பேச்சாயி உள்ளுக்குள் பூரித்துப் போயிருந்தாள்.

பத்தாம் வகுப்பு தொடங்கியபோது ஆனந்தி பள்ளி மாறினாள். மதுரை ரோட்டில் புதிதாக வந்த ஒரு தனியார் பள்ளி, விளையாட்டுப் பிள்ளைகளை விடுதியில் தங்க வைத்துக் காசு வாங்காமல் படிக்க வைப்பதாகச் சொல்லி அழைத்துப் போனது. போகிற அன்று பேச்சாயியின் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்னையப் பத்தியும் அங்க சொல்லி வைக்கிறேன்டி. ஒரு மாசம் பொறு" என்றாள். ஒரு மாசம் ஆறு மாசம் ஆனது. தகவல் இல்லை.

அந்த டிசம்பரில் மாவட்டப் போட்டி. ஜெயித்தவர்கள் மாநிலப் போட்டிக்குப் போவார்கள். அங்கே நன்றாக ஆடினால் அரசு விளையாட்டு விடுதியில் இடம், பன்னிரண்டாம் வகுப்பு வரை படிப்பு. பேச்சாயிக்கு அந்த இடம் தேவைப்பட்டது. வேடசந்தூர் பக்கத்து நூல் மில்லுக்குப் பெண் பிள்ளைகளைச் சேர்த்துவிடுகிற ஆள் அதற்குள் இரண்டு முறை வீட்டுக்கு வந்து போயிருந்தான். சடையாண்டி கெட்டவர் இல்லை. மரத்திலிருந்து விழுந்து இடுப்பு பிடித்துப் போனதிலிருந்து அவரால் உலுக்கப் போக முடியவில்லை.

"செயிச்சியன்னா படி தாயி. நான் குறுக்க நிக்க மாட்டேன்" என்றார். "இல்லன்னா மில்லுக்குப் போயிரு. அப்பனுக்கு வேற வழி தெரியல."

போட்டி அன்று அவரும் வந்தார். மகள் என்ன விளையாடுகிறாள் என்று அதுவரை அவர் பார்த்ததில்லை. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு பந்தலின் ஓரத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்.

எடை பார்க்கிற இடத்தில் ஆனந்தியைப் பார்த்ததும் பேச்சாயிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கன்னம் ஒட்டிப் போயிருந்தாள். முகத்தில் பழைய சிரிப்பு அப்படியே.

"என்னடி இப்படி எளச்சுட்ட?"

"நாப்பத்தி நாலுல எறங்கச் சொல்லிட்டாங்கடி. ரெண்டு நாளாத் தண்ணி கூடக் குடிக்கல."

நாற்பத்தி நாலு பேச்சாயியின் எடைப்பிரிவு. ஆனந்தி எப்போதும் அதற்கு மேல் பிரிவில் ஆடுகிறவள். "அப்ப நம்ம ரெண்டு பேருமா?" என்றாள் பேச்சாயி. ஆனந்தி அவள் ஜடையை இழுத்துவிட்டு, "பைனலுக்கு வா, பாப்போம்" என்றாள்.

இரண்டு பேரும் இறுதிக்கு வந்தார்கள். கண்ணைப் பார்த்துக் கை குலுக்கினார்கள். ஆனந்தியின் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

ஆனந்தியின் பிடி ஒவ்வொன்றும் பேச்சாயிக்கு மனப்பாடம். வலது தோளைக் கொஞ்சம் இறக்கினால் காலுக்கு வரப் போகிறாள். மூச்சை அடக்கினால் தூக்கப் பார்க்கிறாள். ஆட்டம் முடிய அரை நிமிஷம் இருக்கையில் பேச்சாயி நாலு புள்ளி முன்னால் இருந்தாள். ஆனந்தியைக் குப்புறக் கிடத்தி, கழுத்தையும் வலது கையையும் சேர்த்துப் பூட்டியிருந்தாள். அப்படியே பிடித்துக்கொண்டு கிடந்தால் போதும். ரெஃபரி மறுபக்கம் குனிந்து தோளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது பேச்சாயியின் முழங்கைக்குக் கீழே இரண்டு தட்டு விழுந்தது.

"பேச்சி, தோளு" என்று ஆனந்தி காதோரம் முனகினாள்.

பேச்சாயி யோசிக்கவில்லை. இத்தனை வருஷமாக யோசிக்காமல் இருக்கத்தானே பழகியிருந்தாள். பூட்டு கழன்றது. ஒரு முழங்காலில் எழுந்து கையை நீட்டினாள். ஆனந்தி அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்த அந்தக் கணத்தில் பேச்சாயி அவள் முகத்தைப் பார்த்தாள். அதில் வலி இல்லை. அது தெரிவதற்குள் கை சுண்டி இழுக்கப்பட்டது. பந்தலின் மேல்துணி கண்ணுக்கு நேரே வந்தது. மார்பின் மேல் ஆனந்தியின் முழு எடையும் இறங்கியது. இரண்டு தோளும் மேட்டில் பதிந்தால் புள்ளிக் கணக்கு எதுவும் செல்லாது. ரெஃபரி உள்ளங்கையால் மேட்டை ஓங்கி அறைந்து விசில் ஊதினார்.

நடுவில் இரண்டு பேரையும் நிறுத்தி ஆனந்தியின் கையைத் தூக்கிக் காட்டினார். ஆனந்தி சிரித்த முகமாகத் திரும்பிக் கையை நீட்டினாள். அவ்வளவு அழகாக நீட்டினாள்.

"நீ தட்டுன" என்றாள் பேச்சாயி.

"எப்ப?"

"இப்ப. தோளுன்னு சொன்ன."

"என்னடி சொல்ற? எனக்கு ஒண்ணுமே தெரியலையே" என்றாள் ஆனந்தி, ரெஃபரிக்கும் கேட்கிற மாதிரி.

"கையைக் குடும்மா" என்றார் ரெஃபரி.

பேச்சாயி இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டாள். பந்தலில் சலசலப்பு எழுந்தது. "தோத்தவளுக்குத் திமிரப் பாரு" என்று ஒரு பெண் குரல். ரெஃபரி ராமர் சாரைக் கூப்பிட்டார். சார் உட்கார்ந்திருந்த நாற்காலி அந்தத் தட்டு விழுந்த பக்கத்தில், நாலு முழம் தள்ளித்தான் இருந்தது.

"சார், அவ தட்டுனா சார். ரெண்டு தட்டு. நீங்க பாத்தீங்கல்ல."

ராமர் சார் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "ஆட்டத்துல தட்டுறதுக்கெல்லாம் அர்த்தம் இல்லம்மா. விசிலு ஊதுற வரைக்கும் ஆடணும். கையைக் குடுத்துட்டு வா."

பார்க்கவில்லை என்று அவர் சொல்லவில்லை. பேச்சாயி அதைக் குறித்துக்கொண்டாள்.

அப்பா துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி மேட்டின் ஓரத்துக்கே வந்துவிட்டார். எல்லோரும் தன் மகளைப் பார்ப்பது அவருக்குக் கூச்சமாக இருந்தது. "ஆத்தா, கையத்தான குடுக்கச் சொல்றாக. குடுத்துட்டு வா தாயி. வீட்டுக்குப் போவோம்."

அவள் கொடுக்கவில்லை. அப்படியே மேட்டை விட்டு இறங்கினாள்.

திரும்பும் பஸ்ஸில் சடையாண்டி துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சாணார்பட்டி தாண்டியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எனக்கு வெளையாட்டு தெரியாது. நீதான அவளப் புடிச்சு வச்சிருந்த? ஏன் விட்டுட்டுக் கையக் குடுத்த?"

கொடுக்கக் கூடாத நேரத்தில் கொடுத்தாள், கொடுக்க வேண்டிய நேரத்தில் கொடுக்கவில்லை. அவ்வளவுதான் பார்த்தவர்களுக்குத் தெரிந்தது.

மாவட்ட விளையாட்டு அலுவலகத்திலிருந்து பள்ளிக்குக் கடிதம் வந்தது. ஒரு வருஷம் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது. மன்னிப்புக் கடிதம் தர வேண்டும். தலைமையாசிரியை முன்னால் அவளை உட்கார வைத்து ராமர் சார் வாசகம் சொன்னார். சொல்லச் சொல்ல எழுதினாள். 'தோல்வியை ஏற்கும் மனம் இல்லாமல் நடந்துகொண்டேன்.' எழுதினாள். 'எதிர் வீராங்கனை எந்தச் சைகையும் செய்யவில்லை.'

பேனா நின்றது. "சார், இது பொய்."

"எழுதும்மா. இதோட முடியட்டும்."

"நீங்க பாத்தீங்க."

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றி, "என்ன ராமர்?" என்றார். ராமர் சார் கொஞ்சமும் தயங்காமல், "நான் ஸ்கோர் போர்டப் பாத்துக்கிட்டு இருந்தேன் மேடம்" என்றார்.

எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். மற்றவர்களுக்குப் பாடமாக இருக்கட்டும் என்று அந்தக் காகிதத்தை ஒரு வாரம் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்தார்கள். அதில் ஒரு எழுத்துப் பிழை கூட இல்லை. தண்ணீர்க் குழாய்க்குப் போகிற வழியில் அந்தப் பலகை. அந்த வாரம் முழுக்க அவள் தண்ணீர் குடிக்கப் போகவில்லை. அரையாண்டு விடுமுறை விட்டதும் போனவள் திரும்பி வரவில்லை.

ஜூன் மாதம், மில் விடுதியில் திண்டுக்கல் பெண் ஒருத்தி பேச்சுவாக்கில் சொன்னாள்: ராமர் சார் அரசு வேலையை விட்டுவிட்டு அந்தத் தனியார் பள்ளிக்கே உடற்கல்வி இயக்குநராகப் போய்விட்டார். பேச்சாயி அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தாள். முடிச்சைச் சரியாகப் போட்டுவிட்டு அடுத்த நூற்கதிருக்கு நகர்ந்தாள்.

மில்லில் நாலு வருஷம். பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்தது, இளைத்தாள், கை மட்டும் இளைக்கவில்லை. பிறகு கல்யாணம். புருஷன் செழியன் வத்தலக்குண்டில் மினி பஸ் ஓட்டுகிறவன். அவளைப் பேச வைக்க முயன்று தோற்று, அவளுடைய மௌனத்துக்குப் பழகிக்கொண்ட நல்ல மனிதன். பெண் பார்க்க வந்த அன்று ஊரில் யாரோ அவன் காதிலும் அந்தக் கதையை ஊதியிருக்கிறார்கள். "கை குடுக்க மாட்டியாமே? பரவால்ல, நான் கும்புடு போட்டுக்கிறேன்" என்றான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் உள்ளதைச் சொல்லவில்லை. அன்றைக்கு அவளுக்கு இருந்த ஒரே சாட்சி ராமர் சார். சாட்சியே மறுத்த பிறகு, கட்டினவனிடம் சொன்னாலும் அது தோற்றவள் புலம்பலாகத்தான் கேட்கும் என்று அவளுக்குப் பட்டது. சில நாள் அவளுக்கே சந்தேகம் வரும். உண்மையில் தட்டினாளா? கை தவறிப் பட்டதா? முழங்கைக்குக் கீழே அந்த இடத்தைத் தடவிப் பார்த்துக்கொள்வாள். அந்த ஒன்று தெரிந்தால் போதும் என்று இருந்தது.

2008-இல் பக்கத்து ஊர் அரசுப் பள்ளியில் சத்துணவு உதவியாளர் வேலை கிடைத்தது. சமையல்காரர் வியாகுலம்மாள்; ஐம்பது தாண்டியவர். கழுத்தில் ஜெபமாலை, வாயில் வெற்றிலை, ஊர்ச் செய்தி அத்தனையும் நாக்கு நுனியில். இரண்டு பேருக்கும் ஒத்துப்போனது. ஒருத்தி பேசினாள், ஒருத்தி கேட்டாள்.

மறுவருஷம் பிப்ரவரியில் பள்ளி விளையாட்டு விழா. சிறப்பு விருந்தினராகப் போலீஸ் துறையிலிருந்து ஒரு மல்யுத்த வீராங்கனை வருகிறார் என்றார்கள். முட்டை போடுகிற நாள் அது. பேச்சாயி சமையல் கூடத்து வாசலில் உட்கார்ந்து அவித்த முட்டையை உரித்துக்கொண்டிருந்தாள். ஜீப் வந்து நின்றது.

"ஏத்தா, போலீசுக்காரி என்னா மிடுக்கு பாரு" என்றார் வியாகுலம்மாள். "கூட ஒரு ஆளு வாராரு. அவருதான் சொல்லிக் குடுத்த வாத்தியாராம்."

பேச்சாயி பார்த்தாள். நடையை வைத்தே தெரிந்துவிட்டது. வலது தோள் கொஞ்சம் இறங்கின நடை. பின்னால் ராமர் சார், தலை முழுக்க நரைத்து.

ஆனந்தி மைக்கில் நன்றாகப் பேசினாள். பிள்ளைகளைச் சிரிக்க வைத்தாள். தலைமையாசிரியை குரலைக் கூட ஒருமுறை செய்து காட்டினாள். பிறகு குரலைத் தணித்தாள்.

"கடைசியா ஒண்ணு சொல்றேன். நான் பத்தாவது படிக்கிறப்ப ஒரு பைனல். என் கூட ஆடுன பொண்ணு என்னை விடத் தெறமைசாலி. பேரு வேணாம். தோத்ததும் கை குடுக்க மாட்டேன்னு நின்னுடுச்சு. ராமர் சாரே கெஞ்சுனாரு. குடுக்கல. இன்னைக்கு நான் இங்க நிக்கிறேன். அந்தப் பொண்ணு எங்க இருக்குன்னு யாருக்குமே தெரியாது. தோக்குறது தப்பில்ல கண்ணுகளா. தோத்தா கை குடுக்கத் தெரியணும்."

பிள்ளைகள் கை தட்டினார்கள். உட்கார்ந்திருந்த ராமர் சாரும் தட்டினார். பேச்சாயியின் கையில் இருந்த முட்டை நசுங்கி மஞ்சள் கரு விரலிடுக்கில் வழிந்தது. வியாகுலம்மாள் பார்த்துவிட்டு, "கணக்கு முட்ட ஆத்தா" என்றார். உடனே குரல் தணிந்து, "ஏன், மேலுக்கு முடியலையா?" என்றார்.

விழா முடிந்து தலைமையாசிரியை எல்லோரையும் வரிசையாக நிற்க வைத்தார். ஆசிரியர்கள், வாட்ச்மேன், கடைசியில் சத்துணவு ஆட்கள். விருந்தினர் ஒவ்வொருவருக்கும் கை கொடுத்துக்கொண்டே வந்தாள். வியாகுலம்மாள் இரண்டு கையையும் நீட்டி வாங்கிக்கொண்டார்.

"வணக்கம்க்கா" என்று ஆனந்தி அடுத்த கையை நீட்டினாள். ஆளை அவள் பார்க்கவில்லை. சேலையும், ஒட்டின கன்னமும், எண்ணெய் வழித்துக் கட்டின கொண்டையும் மட்டும்தான் அவளுக்குத் தெரிந்திருக்கும்.

பேச்சாயி கையைக் கொடுத்தாள்.

குலுக்கிவிட்டு எடுக்கப் பார்த்த ஆனந்தியின் கை வரவில்லை. அவள் நிமிர்ந்தாள். சிரிப்பு அப்படியே இருக்க, கண் மட்டும் மாறியது.

"பேச்சி?"

பேச்சாயி கண்ணைப் பார்த்தாள். பிடியை இறுக்கவும் இல்லை, தளர்த்தவும் இல்லை. கிளையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தாள். ஆனந்தி ஒருமுறை இழுத்தாள். மறுமுறை உடம்பின் எடையைப் பின்னால் கொடுத்து இழுத்தாள். மோதிர விரல் நசுங்கியிருக்க வேண்டும், உதடு கோணியது. அவளுடைய இடது கை எழுந்தது. எழுந்து, பேச்சாயியின் முழங்கைக்குக் கீழே, அதே இடத்தில், இரண்டு முறை தட்டியது.

பேச்சாயி உடனே விட்டாள்.

விட்ட கை கீழே இறங்கவில்லை. தூக்கி விடுவதற்காக நீண்டபடியே காற்றில் நின்றது. அதை அவளே பார்த்து, முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

ஆனந்தி தான் தட்டின கையைப் பார்த்தாள். முகத்தில் ரத்தம் ஏறியது. மறுகணம் தலைமையாசிரியை பக்கம் திரும்பி, "அக்கா கை இரும்பு மேடம். உங்க ஸ்கூல்ல இவங்களத்தான் டீம்ல சேக்கணும்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். விரலை நீவிக்கொண்டே ஜீப்பை நோக்கி நடந்தாள்.

அந்தத் தட்டு விழுந்தபோது ராமர் சார் ஆனந்திக்கு ஒரு அடி பின்னால்தான் நின்றிருந்தார். எல்லோரும் கலைந்த பிறகு, தண்ணீர் குடிக்கச் சமையல் கூடத்துக்கு வந்தார். பேச்சாயி செம்பில் மொண்டு கொடுத்தாள்.

"நல்லா இருக்கியாம்மா?"

"இருக்கேன் சார். இப்ப பாத்தீங்கல்ல."

"என்னத்தம்மா?"

"ரெண்டு தட்டு."

சார் தண்ணீரை மெதுவாகக் குடித்தார். செம்பைத் திட்டின் மேல் வைத்தார். வெளியே ஹாரன் அடித்தது. "வண்டி கெளம்புது போல. வாரேன்மா" என்று செருப்பை மாட்டினார். மாட்டுவதற்குக் குனிந்த தலை வாசல் தாண்டுகிற வரைக்கும் நிமிரவில்லை.

வியாகுலம்மாள் அண்டாவைச் சாய்த்துச் சோற்றைச் சுரண்டிக்கொண்டே இவளை ஓரக்கண்ணால் பார்த்தார். "ஏத்தா, அந்தப் புள்ள கைய என்னாத்துக்கு அம்புட்டு நேரம் புடிச்சுக்கிட்டு நின்ன? நான் பயந்தே போனேன்."

"தட்டுறாளான்னு பாத்தேன்."

"தட்டுனா என்ன, தட்டாட்டி என்ன?"

பேச்சாயி நசுங்கின முட்டையைத் தனியே எடுத்து வைத்தாள். கையைக் கழுவினாள். முழங்கைக்குக் கீழே தட்டு விழுந்த இடத்தில் மட்டும் தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டாள்.

"செத்த நேரம் உக்காருங்கக்கா" என்றாள். "சொல்றேன்."